போம் நிரப்புகிறவள்

போன மாரியில் ஒரு ஐயா கடைக்குள் கொதித்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் ஒழுகும் குடை, மற்றக் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி அனுமதிப்பத்திரம். "என்ரை வயசென்ன, அவன்ரை வயசென்ன? நிமிர்ந்தும் பாக்காமல் என்னைப் போம் எண்டு சொல்லுறான் பிள்ளை!" இருத்தி, தண்ணீர் கொடுத்து, மெல்ல விசாரித்தால் நடந்தது இவ்வளவுதான். உள்ளே மேசையில் இருந்த பெடியன் கையை நீட்டி "போம்?" என்று கேட்டிருக்கிறான். நிரப்பிய படிவம் எங்கே என்பது அவன் கேள்வி. ஐயாவின் காதில் அது "நீர் போம்" என்று விழுந்திருக்கிறது.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்கவேண்டுமானால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் ஒரு 'நீர்' இருக்கிறது. நீ போ, நீர் போம், நீங்கள் போங்கோ. இந்த நடு மரியாதையை ஒத்த வயதுக்காரரிடம் பாவிக்கலாம், ரீச்சர் பெரிய வகுப்புப் பிள்ளையிடம் பாவிக்கலாம், மாமனார் மருமகனிடம் பாவிக்கலாம். எழுபது தாண்டிய மனிதரிடம் இருபத்தைந்து வயதுப் பெடியன் சொன்னால் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. நான் சொல்லிச் சிரித்த பிறகுதான் ஐயாவும் சிரித்தார். "அப்ப அவன் என்னைக் கலைக்கேல்லையே" என்று இன்னொரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். அப்புறம் அவருக்குப் போம் நிரப்பினேன்.

எனக்குக் கிளிநொச்சியில் ஒரு அரச அலுவலகத்துக்கு முன்னால் போட்டோக்கொப்பிக் கடை. ஒரு மெசின், ஒரு கொம்பியூட்டர், ஒரு மேசை, வெளியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை. போர்டில் லெமினேட்டிங், ரீலோட் என்றெல்லாம் எழுதியிருக்கிறது, ஆனால் சனம் வருவது பெரும்பாலும் போம் நிரப்பத்தான். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டை, காணி, முதியோர் கொடுப்பனவு, கரண்ட் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் ஒரு போம். காலை எட்டரைக்குத் தொடங்கினால் பின்னேரம் நாலு மட்டும் என் வாயில் அதிகம் வருகிற சொல் இதுதான் என்பதால், இதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

முதலில் அதன் சத்தம். போம் என்பது ஆங்கிலத்து 'form'. இங்கிலாந்துக்காரர் அந்தச் சொல்லின் நடுவில் இருக்கும் ர-வை விழுங்கிவிடுவார்கள். நாங்கள் அவர்களிடம் காதால் படித்த ஆட்கள், ஆகவே எங்களுக்கும் ர இல்லை, வெறும் போம். தமிழ்நாட்டில் ஃபாரம் என்கிறார்கள், பேச்சில் அது பாரம் ஆகிவிடுகிறது. பாரம்! அவர்கள் எங்களைவிட விசயம் தெரிந்தவர்கள். எங்களுக்கு மெத்தைக்குள் இருக்கிற பஞ்சுமாதிரிச் சாமானும் போம்தான், எழுத்திலும் சத்தத்திலும் வித்தியாசமே இல்லை. "போம் வாங்கப் போறன்" என்று ஒருவர் சொன்னால் தளபாடக் கடைக்கா கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்கா என்று நேரத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

நான் முதன்முதல் போம் நிரப்பியது பன்னிரண்டு வயதில், மெனிக் பாம் அகதி முகாமில். பாமில் இருந்து போம் நிரப்பினேன் என்று இப்போது பகிடியாகச் சொல்லலாம். 2009 இல் யுத்தத்தின் கடைசியில் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களுக்குப் போன சனம் கிட்டத்தட்ட மூன்று இலட்சம், அதில் பெரும்பகுதி செட்டிகுளத்துக் காட்டை வெட்டி அமைத்த அந்த ஒரு முகாமுக்குள். மூன்று வருசம் கழித்து 2012 செப்டெம்பரில்தான் அதை மூடினார்கள். எங்கள் கூடாரத்தில் மூன்று குடும்பம். எனக்கு எழுத்து உருண்டையாக, ஒன்றையொன்று முட்டாமல் இருக்கும் என்பதால் பக்கத்துக் கூடாரங்களிலிருந்தும் போமைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் பேனை நிற்கும். "அவரைப் போடவோ, என்னைப் போடவோ?" என்று கேட்ட மாமிமார் எத்தனை பேர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்வது? "ரெண்டு பேரையும் போடுவம் மாமி" என்று சின்ன எழுத்தில் இரண்டையும் அடைத்து எழுதிவிடுவேன்.

சில போம்களின் தலைப்பு ஆங்கிலத்திலும் இருந்தது. கூடாரப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சரிடம் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டேன். "வடிவம்" என்றார். எனக்குச் சரியான குழப்பம். வடிவமா? இந்தக் கடதாசியில் எங்கே வடிவு? கோடும் பெட்டியும்தானே இருக்கிறது.

அந்தக் குழப்பம் அரைவாசி தீர்ந்தது 2013 இல், அப்பா கல்லரியும்போது.

இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயரும் வந்திருந்தது. ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா, அதைக் கட்டம் கட்டமாகத் தருவார்கள், வீட்டை நாங்களே கட்டவேண்டும். (அதற்கு முதல் நிரப்பிய போமில் யாரோ அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டித் தட்டியதால் மூன்று கிழமை அலைந்தது தனிக்கதை.) கூலி கொடுத்துக் கல் வாங்கக் கட்டாது என்று அப்பா ஒரு இரும்பு அச்சை வாடகைக்கு எடுத்துவந்து வளவிலேயே சீமெந்துக் கல் அரியத் தொடங்கினார். எல்லாம் ஆறிஞ்சிக் கல். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உதவிக்கு நிற்பேன்.

கலவையில் இருக்கிறது முழு வித்தையும். ஒரு பிடியை அள்ளிக் கையில் நசித்துப் பார்ப்பார். உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கால் தண்ணி வடியக்கூடாது. வடிந்தால் மணல் போடு, உதிர்ந்தால் தண்ணி தெளி. பிறகு அச்சுக்குள் போட்டு, மூலை மூலையாக மரக்கட்டையால் இடித்து, மேலே வழித்து, மணல் தூவிய தட்டை நிலத்தில் சட்டென்று கவிழ்ப்பார். அடுத்ததுதான் கஷ்டம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேர் செங்குத்தாகத் தூக்கவேண்டும். கை ஒரு நூல் சரிந்தால் மூலை உடையும். சரியாகத் தூக்கினால் ஈரக் கல் தன்பாட்டில் நிலத்தில் நிற்கும், இன்னும் கல்லாகாத கல். தொட்டால் விரல் பதியும். பிறகு நாட்கணக்காகச் சாக்குப் போட்டுத் தண்ணி விடவேண்டும், அது என் வேலை.

ஏ.எல். படிக்கும்போது நூலகத்தில் ஒரு தடித்த ஆங்கில அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, போமின் பூர்வீகம் லத்தீனில் 'போர்மா' என்ற சொல். அதற்கு வடிவம் என்றும் கருத்து, அச்சு என்றும் கருத்து. எனக்கு அந்த இரும்பு அச்சு கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படியென்றால் இந்தக் கடதாசியும் ஒரு அச்சு. பெட்டி பெட்டியாக அடித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் எங்களைக் கலவையாக்கி அதற்குள் போட்டு இடிக்கிறோம். அச்சுக்கும் "நிரப்பு" என்றுதான் சொல்கிறோம், போமுக்கும் "நிரப்பு" என்றுதான் சொல்கிறோம். எழுது என்று யாரும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இந்தப் போர்மா ஐரோப்பா முழுக்கக் குட்டி போட்டிருக்கிறது. பாலை அச்சில் ஊற்றித் தோய்த்ததால் பிரெஞ்சுக்காரரின் சீஸுக்கு 'ஃப்ரொமாஜ்' என்று பெயர், இத்தாலியரின் சீஸுக்கு 'ஃபொர்மாஜ்ஜோ'. சின்ன அச்சு என்றால் போமியுலா, கணக்குப் பாடத்தில் எங்களை வாட்டியது அதுதான். ஒரே அச்சு என்றால் யூனிபோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் யூனிபோம், மற்ற யூனிபோம்களும் யூனிபோம், வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விரிக்கத் தேவையில்லை.

ஆங்கிலத்திலேயே அது எத்தனை வேலை பார்க்கிறது. பழைய பள்ளிக்கூடங்களில் முதுகு சாயாத நீட்டு வாங்குக்கும் அந்தப் பெயர்தான். பள்ளிக்கூட வகுப்புக்கும் அதே பெயர் உண்டு. மலேசியாவில் இன்னும் அந்த முறை, அங்குள்ள தமிழர் அதைத் தமிழாக்கிப் "படிவம் 5 மாணவி" என்று எழுதுகிறார்கள். நான் முதன்முதல் அதை வாசித்தபோது, பாவம் பிள்ளை, ஐந்தாவது படிவத்தையும் நிரப்பிக்கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறாளாக்கும் என்றுதான் நினைத்தேன். காட்டு முயல் புல்லை அழுத்திப் படுத்தெழும்பிய பள்ளத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் என்று அகராதி சொன்னது. எனக்கு அதில் மிகப் பிடித்தது இந்தக் கருத்துத்தான். முத்தையன்கட்டுப் பக்கம் விடியற்காலையில் வயல் வரம்போடு நடந்தால் அப்படிப் பள்ளங்களைக் காணலாம், முயல் ஓடியிருக்கும், அது படுத்த அளவு மட்டும் புல்லில் கிடக்கும்.

கிரிக்கெட் போமைச் சொல்லாமல் விட்டால் என் தம்பி கோபிப்பான். "ஆள் இப்ப போமிலை இல்லை" என்பது அவன் தினசரி அறிக்கை. வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்வது, போம் வரும் போகும், கிளாஸ்தான் நிலைக்கும் என்று. தமிழில் அதைச் சொல்லவே தேவையில்லை, போம் என்றால் போம்தானே. போகும் என்பதைக் குறுக்கிப் போம் என்று பழைய பாட்டுக்காரர் எழுதியிருக்கிறார்கள்.

சரி, எங்கள் அரச தமிழுக்கு வருவோம். போமில் அச்சிட்டிருக்கும் தமிழ் 'படிவம்'. இந்தச் சொல்லுக்கு உருவம் என்ற கருத்தும் உண்டு, பழந்தமிழில் நோன்பு, தவக்கோலம் என்ற கருத்தும் உண்டு. முல்லைப்பாட்டில் முக்கோல் வைத்திருக்கும் "படிவப் பார்ப்பான்" ஒருவர் வருகிறார், விரதம் பூண்டவர் என்று பொருள். ஆறு மணிக்கு மாங்குளத்தில் பஸ் ஏறி, எட்டு மணிக்கு வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு "ஐயா லீவு, நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுவிட்டு ஒரு ரீயும் குடிக்காமல் திரும்பிப் போகும் சனத்தைப் பார்த்தால், அந்தப் பழைய கருத்தைத் தெரிந்தே யாரோ இந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆனால் என் சின்ன வயதுக் குழப்பத்தின் மற்றப் பாதி 'வடிவு' என்ற சொல்லில் இருந்தது. தமிழ்நாட்டாருக்கு வடிவு என்றால் வடிவம், அல்லது ஒரு பெரியம்மாவின் பெயர். எங்களுக்கு வடிவு என்றால் அழகு. வடிவான பெட்டை, வடிவான சேலை. அதோடு நிற்காது. வடிவாப் பார் என்றால் கவனமாகப் பார். வடிவாச் சாப்பிடு என்றால் வயிறு நிறையச் சாப்பிடு. வடிவாத் தெரியேல்லை என்றால் தெளிவாகத் தெரியவில்லை. வடிவா யோசிச்சுச் சொல்லு என்று பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்பார்கள். உருவத்தில் தொடங்கி, அழகாகி, கவனமாகி, நிறைவாகி, ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. இதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் லத்தீன்காரரும் பாதித் தூரம் கூட வந்திருக்கிறார்கள்: அவர்களுக்கும் போர்மா என்றால் வடிவம் மட்டுமல்ல, அழகும்தான். போர்த்துக்கேயர் தாய்வானைக் கண்டு 'இலா ஃபொர்மோசா' என்றார்கள். அழகிய தீவு என்று மொழிபெயர்க்கிறார்கள், எங்கள் வாயால் சொன்னால் வடிவான தீவு, சொல்லுக்குச் சொல் அதேதான்.

என் கடைக்கு வருகிற எல்லாரும் சொல்லும் முதல் வசனம் என்ன தெரியுமா? "பிள்ளை, வடிவா நிரப்பு." வடிவத்தை வடிவாக நிரப்பு.

'உரு' என்றும் ஒன்று இருக்கிறது, அது வேறு வழியில் போகிறது. படிக்காத பிள்ளையை "உருப்படமாட்டாய்" என்று ஏசுவோம். சோதினைக்கு முதல் நாள் இரவு உருப்போடுவோம். கோயிலில் தெய்வம் இறங்கினால் உரு வந்து ஆடுவார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போனால், கடல்தண்ணியில் எரிகிற விளக்கைக் கும்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற சாதாரண மனுசி ஒருத்தி சட்டென்று வேறு ஆளாகிவிடுவாள். வெளியே தெரிகிற வடிவம் மாறவில்லை, உரு மாறிவிட்டது. இந்த வித்தியாசத்தை எந்தப் போமிலும் எழுத முடியாது.

ஆங்கிலத்தில் வடிவத்துக்கு இன்னொரு சொல் இருக்கிறது, 'சேப்'. அதன் வேர் பழைய ஆங்கிலத்தில் படைத்தல் என்ற வினை, கடவுளையே அந்த வேரிலிருந்து வந்த சொல்லால் படைப்பவர் என்று அழைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துச் சொல் எங்களிடம் வந்து என்ன ஆனது? தையல்காரரிடம் சட்டைக்குச் சேப் அடிக்கிறோம். அப்புறம், "பயப்பிடாதேங்கோ, சேப் பண்ணலாம்." திகதி பிழைத்ததா, கையெழுத்து மாறியதா, சேப் பண்ணலாம். கலியாண வீட்டில் இரண்டு பகுதிக்குள் கொளுவல் வந்தால் ஒரு மாமா போய்ச் சேப் பண்ணிவிட்டு வருவார். வேலை செய்யாமல் மெல்லக் கழன்றவனைச் "சேப்பா மாறிட்டான்" என்போம். சிங்களத்திலும் இதே சொல், இதே பாவனை. நாட்டில் இரண்டு பகுதிக்கும் தகராறில்லாத சொற்களின் பட்டியல் ஒன்று எடுத்தால் சேப் மேலே நிற்கும் என்று நினைக்கிறேன். போம் பிழைத்தால்தான் சேப்புக்கு வேலை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கள் நிர்வாகம் முழுவதும் விளங்கிவிடும்.

ஆனால் சில போம்களைச் சேப் பண்ண முடியாது. ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் என் மேசைக்கு வந்த போம்களில் ஒரே மாதிரிக் கேள்விகள். கடைசியாகக் கண்ட இடம், கண்ட திகதி, உடுத்திருந்த உடுப்பு. ஒரே ஆளைப் பற்றி வேறு வேறு இடத்துக்கு நாலு, ஐந்து தடவை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அதில் ஒரு அம்மா, விசுவமடுப் பக்கம். மகனுக்குப் பத்தொன்பது வயது. எல்லாப் பெட்டியையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். உயரம் கேட்டேன், கதவு நிலையைக் காட்டி "இவ்வளவு வருவான்" என்றார், எழும்பிப் போய் ரேப் பிடித்து அளந்து எழுதினேன். நிறம் பொதுநிறம். அடையாளம், இடது முழங்காலில் சைக்கிளால் விழுந்த தழும்பு. அடுத்த பெட்டி, உருவ அமைப்பு. மெலிந்தவர், நடுத்தரம், பருத்தவர், இதில் ஒன்றைத்தான் எல்லாரும் எழுதுவார்கள்.

"அம்மா, ஆள் எப்பிடி இருப்பார்?"

"வடிவான பிள்ளை."

"இல்லையம்மா, மெல்லிசோ, மொத்தமோ எண்டு கேக்கினம்."

"அதுதான் சொல்லுறன், வடிவான பிள்ளை. வடிவெண்டு எழுதும்."

என்னை எப்போதும் நீ என்று கூப்பிடுகிற மனுசி, அன்று மட்டும் எழுதும் என்றார். எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். வழமையாக இரண்டு பிரதி எடுப்போம், ஒன்று அவர்களுக்கு, ஒன்று பைலுக்கு. மூன்று எடுக்கச் சொன்னார். காசை எண்ணி வைத்துவிட்டு, மூன்றாவது பிரதியை மற்ற இரண்டோடும் சேர்க்காமல் தனியாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.